நீங்க சிலோனா, இந்தியாவா? எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்களும் என்னால முடிஞ்ச பதிலும்

நான் நீலகிரி கூடலூர் பக்கம். எங்கம்மா ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க, 1974ல 9 வயசுல கப்பல் ஏறி இங்க வந்தாங்க. காலேஜ்ல, ஆபீஸ்ல, பொண்ணு பாக்கப் போன வீட்ல எல்லாம் ஒரே கேள்விகளுக்கு திரும்பத் திரும்ப பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன், இனிமே யாராவது கேட்டா இதையே அனுப்பிடலாம் பாருங்க.

அப்ப நீங்க இலங்கைத் தமிழரா? ஈழத்துல இருந்து வந்தவங்களா?

இல்லைங்க. இதுதான் முதல் குழப்பம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திரிகோணமலை பக்கம் இருக்கறவங்க அந்த மண்ணுலயே பல நூறு வருஷமா இருக்கறவங்க. நாங்க மலையகம். கண்டி, நுவரெலியா, ஹட்டன், பதுளை, மாத்தளைன்னு மலைப்பக்கத் தோட்டங்கள்ல வெள்ளைக்காரன் வேலைக்குக் கூட்டிட்டுப் போன ஜனங்க. பேசுற தமிழும் வேற, கும்புடுற சாமி, பாடுற பாட்டு எல்லாம் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துது. மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்துன்னு இன்னிக்கும் அங்க நடக்குது. சினிமாவுல வர்ற "சிலோன் தமிழ்" மாதிரி நாங்க பேச மாட்டோம், பேசிக் காட்டுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.

முதல்ல எதுக்கு அங்க போனாங்க?

பஞ்சம், கடன், சாதி. வேற என்ன. 1823ல முதல் கூட்டம் காப்பித் தோட்டத்துக்குப் போனதா கணக்கு வச்சுதான் 2023ல "மலையகம் 200"ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, அந்தக் காலத்து ஆளுங்க காட்டு வழியா நடந்த அதே திசையில. அப்போ வழியிலயே காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க ஏராளம். 1869க்கு அப்புறம் காப்பியில இலைத்துரு நோய் வந்து மொத்தமும் போச்சு, தேயிலை வந்துச்சு. காப்பிக்கு சீசனுக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்பிடலாம், தேயிலைக்கு வருஷம் பூரா கொழுந்து எடுக்கணும், அதனால குடும்பத்தோட அங்கயே தங்கிட்டாங்க. கூட்டிட்டுப் போனது கங்காணி, அதாவது ஆள் பிடிச்சு வேலை வாங்கற மேஸ்திரி, அவன்கிட்ட வாங்குன கடன் தீராது, கடன் தீராம வேற தோட்டத்துக்கு நகர முடியாது. தங்குனது லயத்துல, அதாவது வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீட்ல, அதுல ஒரு காம்பரா, அதாவது ஒரு ரூம், பத்துக்குப் பன்னெண்டு அடி இருக்கும், அதுலதான் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம்.

குடியுரிமை எப்படிப் போச்சு? அங்கயே பொறந்தவங்கதானே?

அங்கயே பொறந்தவங்கதான், ஆனா 1948ல சுதந்திரம் வந்த வருஷமே ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தாங்க. நீ இலங்கையில பொறந்தது மட்டும் பத்தாது, உங்கப்பாவும் இங்க பொறந்தவர், இல்லன்னா தாத்தாவும் முப்பாட்டனும் இங்க பொறந்தவங்கன்னு காட்டணும். லயத்துல பொறந்த குழந்தைக்கு எவன் பர்த் சர்டிபிகேட் எடுத்தான், அதுவும் 1900த்துல? கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் ஒரே சட்டத்துல எந்த நாட்டுக்காரனும் இல்லாம ஆனாங்க. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. ஏன்னு கேட்டா 1947 தேர்தலைப் பாக்கணும், அதுல எங்க ஆளுங்க கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறேழு சீட் ஜெயிச்சுது, மத்த பல தொகுதியில எங்க ஆளுங்க ஓட்டு இடதுசாரிகளுக்குப் போச்சு. கொழும்புல இருந்தவங்களுக்கு இது ரெண்டுமே ஆகல.

1949ல "இந்திய பாகிஸ்தானி குடியிருப்பாளர்"னு இன்னொரு சட்டம் போட்டு, மனு போடுங்க பாக்கலாம்னாங்க. 8 லட்சத்துக்கு மேல ஜனங்களுக்கு மனு போட்டாங்க, கிடைச்சது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், வடக்குத் தமிழ்த் தலைவர்கள் எல்லாரும் எங்களுக்காக நிக்கல. ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்துல சேர்ந்து மந்திரியானார், அதை எதிர்த்து அவர் கட்சியில இருந்த செல்வநாயகம் வெளிய வந்து 1949 டிசம்பர்ல தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சார். "தோட்டக்காட்டான்"ங்கற வார்த்தைய சிங்களவங்க மட்டும்தான் சொன்னாங்கன்னு நினைச்சா நீங்க எங்க பாட்டிகிட்ட பேசியிருக்கணும்.

சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம்னு சொல்றாங்களே, அது என்ன?

1964 அக்டோபர் 30, டெல்லி. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உக்காந்து 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டாங்க. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க, 1974ல இந்திரா காந்தி வந்து அதையும் சரிபாதியாப் பிரிச்சாங்க, ஆளுக்கு 75,000. நேரு இருந்தவரைக்கும் இவங்க உங்க நாட்டுக்காரங்கதான்னு பிடிவாதமா நின்னார், அவர் செத்த அஞ்சாவது மாசம் இந்த ஒப்பந்தம்.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சந்தையில மாடு மாத்துறவன் கூட மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பாப்பான்னு எங்க தாத்தா சொல்லுவார்.

யார் எந்த நாடுன்னு எப்படி முடிவு பண்ணாங்க? விருப்பப்பட்டுதானே மனு போட்டாங்க?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப கோபம் வரும், அதனால நீளமா எழுதறேன்.

மனு வாங்குனப்போ இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதினவங்க ஏறக்குறைய 7 லட்சம், இந்தியா கேட்டவங்க சுமார் 4 லட்சம். ஒப்பந்தத்துல இருந்த எண்ணிக்கைக்கு நேர் எதிர். அதாவது பெரும்பாலான ஜனங்க "இங்கயே இருக்கோம்"னுதான் சொல்லியிருக்காங்க. ஆனா இலங்கை ஒதுக்குனது 3 லட்சம் இடம். அதுவும் 7 பேர் இந்தியாவுக்குப் போனா 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமைன்னு கணக்கு. எங்க சித்தப்பா தாத்தாவுக்குப் பேப்பர் கிடைக்கணும்னா வேற எவனோ ரெண்டு பேர் கப்பல் ஏறியிருக்கணும்.

எங்க தாத்தா இந்தியாவுக்கு எழுதினார். ஏன்னு நான் அவர்கிட்ட மூணு தடவை கேட்டிருக்கேன், மூணு தடவையும் வேற வேற பதில். ஒரு தடவை 1958ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்தைச் சொன்னார். ஒரு தடவை தோட்டத்துல சங்கத்து ஆளு ஒருத்தர் இந்தியா போனா நிலம் தர்றாங்கன்னு சொன்னதைச் சொன்னார். கடைசி தடவை, அவர் உடம்பு முடியாம இருந்தப்போ, "எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினேன்"னார். எனக்கு மூணுமே உண்மைன்னுதான் தோணுது. அவரோட தம்பி இலங்கைக்கு எழுதினார், ரெண்டு பேரும் பேசி வச்சுதான் எழுதினாங்களாம், ஒருத்தன் அங்க இருந்தா ஒருத்தன் இங்க இருக்கட்டும், எது நல்லா இருக்கோ மத்தவன் அங்க வந்துடலாம்னு. நாடுங்கறது அப்படி மாறிப் போற விஷயம் இல்லன்னு ரெண்டு பேருக்கும் அப்போ தெரியல.

பாட்டிகிட்ட யாரும் கேக்கல. குடும்பத் தலைவர் கைநாட்டு வச்சா பொண்டாட்டி, கல்யாணமாகாத புள்ளைங்க எல்லாம் அதே பேப்பர்ல போயிடுவாங்க. கல்யாணமான மூத்த பொண்ணு, அதாவது எங்க பெரியம்மா, புருஷனோட பேப்பர்ல. பெரியப்பா வீட்ல இலங்கைக்கு எழுதியிருந்தாங்க. இப்படித்தான் ஒரே வயித்துல பொறந்த அக்கா தங்கச்சி ரெண்டு நாட்டுக்காரங்களா ஆனாங்க.

அப்புறம் 1973, 74ல தோட்டத்துல பஞ்சம். அரிசி கிடையாது, மாவுக்கு க்யூ, வேலை நாளைக் குறைச்சுட்டாங்க, கிழங்கும் கீரையும் தின்னு ஜனங்க செத்தாங்க. அதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் வந்தும் போகாம இழுத்துட்டிருந்தவங்க கூட அந்த வருஷம் மூட்டையைக் கட்டினாங்க. அதையும் "தாய்நாட்டுப் பாசம்"னு எழுதி வச்சிருக்கற ஆளுங்க இருக்காங்க, என்ன சொல்ல.

போன நாள் ஞாபகம் இருக்கா உங்கம்மாவுக்கு?

கண்டியில இருந்த இந்தியத் தூதரக ஆபீஸ்ல இருந்து பாஸ்போர்ட் வரும், வந்ததும் தோட்டத்துல பேர் வெட்டிடுவாங்க, ஈபிஎஃப் காசைக் கணக்கு முடிச்சுக் குடுப்பாங்க, விசா தேதி முடியறதுக்குள்ள கிளம்பணும். ரயில் ஏத்தி விட மொத்தத் தோட்டமும் ஸ்டேஷனுக்கு வரும். அந்த ரயிலுக்கு "ஒப்பாரிக் கோச்சி"ன்னே பேர், கோச்சின்னா எங்க பேச்சுல ரயில். ஜன்னல்ல கையைப் பிடிச்சிட்டு பொம்பளைங்க சாவு வீடு மாதிரியே மாரடிச்சுப் பாடுவாங்களாம், வண்டி நகர்ந்தப்புறமும் கையை விடாம பிளாட்பாரத்துல கூடவே ஓடுவாங்களாம். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கறது அது இல்ல. அவங்க வளத்த கோழிய பக்கத்து காம்பரா ஆளுங்ககிட்ட குடுத்துட்டு வந்தது, அது பின்னாலயே வந்துச்சாம். அப்புறம் தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப். முதல் நாள் மண்டபத்துல குடுத்த சோத்துல மணல்.

இங்க வந்து நல்லா இருந்திருப்பீங்களே, சொந்த நாடாச்சே?

சொந்த நாடுன்னு பேப்பர்ல இருந்துச்சு. நிறையப் பேருக்கு பெட்டிக்கடை வைக்க, தொழில் பண்ணன்னு கொஞ்சம் கடன் குடுத்து அனுப்பினாங்க. வாழ்க்கை பூரா கொழுந்து கிள்ளுன ஆளு மதுரையில கடை வச்சு என்ன பண்ணுவான்? சொந்தக்காரன்னு தேடிப் போன ஊர்ல பங்கு கேக்க வந்துட்டான்னு நினைச்சாங்க. எங்க தாத்தா துறையூர் பக்கம் அவங்கப்பா சொன்ன கிராமத்தைத் தேடிப் போயிருக்கார். பேர் சொன்னதும் ஊர்க்காரங்க கேட்ட முதல் கேள்வி என்ன சாதி, எந்தத் தெருன்னு. ரெண்டாவது நாளே திரும்பிட்டார். அதைப் பத்தி அதுக்கு மேல அவர் பேசினதே இல்ல.

அப்புறம் மலையைத் தேடி ஜனம் மறுபடி மலைக்கே வந்துச்சு. 1968ல தமிழ்நாடு அரசு இவங்களுக்காகவே தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சுது, அதுதான் பின்னாடி டான்டீங்கற அரசு தேயிலைக் கழகம் ஆச்சு, நீலகிரியில கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி, அப்புறம் வால்பாறை. காட்டை வெட்டி தேயிலை நட்டது எங்க ஆளுங்கதான், அட்டைக்கடியோட. கேரளாவுல புனலூர் பக்கமும் கர்நாடகாவுல சுள்ளியா, புத்தூர் பக்கமும் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினாங்க, அங்க இன்னிக்கும் தமிழ் பேசுற காலனிங்க இருக்கு. தமிழ்நாட்ல ஊருக்கு ஊர் "ரெப்கோ பேங்க்"னு போர்டு பாத்திருப்பீங்க, அதுல இருக்கற "ரெப்" எங்களைக் குறிக்கறதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும், தாயகம் திரும்பியோருக்காக 1969ல ஆரம்பிச்ச கூட்டுறவு பேங்க் அது. இன்னிக்கு அங்க நகைக்கடன் வாங்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாதுன்னு நினைக்கறேன்.

வந்த இடத்துல பேர் மாறுச்சு. அங்க "கள்ளத்தோணி", "வடக்கத்தியான்". இங்க "சிலோன்காரன்", சில நேரம் "அகதி". ரெண்டு பக்கமும் "உங்க நாட்டுக்குப் போ"ன்னு கேட்டு வளந்த ஜனம்ங்க. அம்மா முதல் வாரம் கடையில போய் பாண் வேணும்னு கேட்டு கடைக்காரர் முழிச்சிருக்கார், பாண்னா எங்களுக்கு ரொட்டி, பிரெட்டு. அன்னிக்கு கடையில சிரிச்சதுல இருந்து வீட்டுக்கு வெளிய அந்த வார்த்தையை அம்மா சொல்ல மாட்டாங்க, உள்ள இன்னும் பாண்தான், தேத்தண்ணிதான்.

கூடலூர் பக்கம் நிறையப் பேர் குடியிருக்கறது ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல வர்ற செக்‌ஷன் 17 நிலம், பட்டா கிடையாது, அதனால கரண்ட் கனெக்‌ஷனுக்குக் கூட எத்தனை வருஷம் அலைச்சல். டான்டீ குவாட்டர்ஸ்ல இருக்கறவங்க ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். 2022ல அரசே 2,000 ஹெக்டேருக்கு மேல டான்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் குடுக்க முடிவு பண்ணப்போ, தாத்தா மாதிரி ஆளுங்க நட்ட செடி மறுபடி காடா ஆகப்போகுது, நாம எங்க போறதுன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. காடு திரும்பி வர்றது நல்லதுதான், நான் மறுக்கல, ஆனா நட்டவங்களுக்கு வீடு எங்கன்னு முதல்ல சொல்லிட்டு நடட்டும்.

அப்ப அங்கயே தங்கினவங்க புத்திசாலியா?

இந்தக் கணக்கை எங்க வீட்டுலயே முப்பது வருஷம் போட்டுட்டு இருந்தாங்க. 77ல கலவரம், 81ல கலவரம், 83 கேக்கவே வேண்டாம். அந்தச் செய்தி வர்றப்போ எல்லாம் "நல்லவேளை வந்துட்டோம்". இங்க மண்சரிவுல லைன் வீடு போனப்போ "அங்கயே இருந்திருக்கலாம்". 77ல டெவன் தோட்டத்துல நிலத்தைப் பிரிச்சுக் குடுக்கறதை எதிர்த்து நின்னப்போ சிவனு லட்சுமணன்ங்கற பையன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்தான். கலவரத்துக்குப் பயந்து நிறையக் குடும்பம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போச்சு, அங்க போய் கடைசி யுத்தத்துலயும் மாட்டுச்சு. அதை நினைச்சா எனக்கு இந்தக் கணக்கே போடத் தோணாது.

தோட்டத்துல இருக்கறவங்களுக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கிடைக்கவே 2021 ஆச்சு, அதுவும் இலங்கை ரூபா. வீட்டுக்கு 7 பேர்ச் நிலம்னு குடுக்க ஆரம்பிச்சாங்க, நம்ம கணக்குல நாலு சென்ட் சொச்சம், இந்திய அரசு காசுலயும் வீடு கட்டறாங்க. லயத்துல இருக்கறவங்க இன்னும் நிறைய. ஆனா பெரியம்மா பேரப்பசங்க ஒருத்தி டீச்சர், ஒருத்தன் கொழும்புல வேலை, சிங்களம் தண்ணி பட்ட பாடு. நாங்க பாவப்படற மாதிரி ஒண்ணும் அவங்க இல்ல.

அவங்களுக்கு இப்போ குடியுரிமை இருக்கா?

இருக்கு. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானோட கட்சி குடுத்த நெருக்குதலாலயும் 1986, 88 சட்டங்களாலயும் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, கடைசியா 2003ல ஒரு சட்டம், 1964 அக்டோபர் 30ல இருந்து இலங்கையில இருக்கற இந்திய வம்சாவளி ஆளுங்களுக்கும் அவங்க வாரிசுகளுக்கும் குடியுரிமைன்னு. ஐநா அகதிகள் அமைப்பு உதவியோட முகாம் போட்டு பத்தே நாள்ல 1,90,000 பேருக்கு மேல பேப்பர் குடுத்தாங்க. 55 வருஷம் இழுத்தது பத்து நாள் வேலை.

இங்க அகதி முகாம்ல இருக்கறவங்களும் நீங்களும் ஒண்ணா?

நாங்க ஒப்பந்தத்துல பாஸ்போர்ட்டோட வந்தவங்க. முகாம்ல இருக்கறவங்க 83க்கு அப்புறம் யுத்தத்துல தப்பிச்சு வந்தவங்க. ஆனா அவங்கள்ல ஆயிரக்கணக்கான பேர் மலையகத்துக்காரங்கதான், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வர உரிமை இருந்தவங்களே, கப்பல் நின்னுபோனதால படகுல வந்தாங்க, படகுல வந்ததால "சட்டவிரோதக் குடியேறி". கோர்ட்டுக்குப் போனாங்க. 2019 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்ல இருக்கற இந்திய வம்சாவளித் தமிழர் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பு குடுத்தார். அதே வருஷ டிசம்பர்ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்ல. 2021ல அகதி முகாம்ங்கற பேரை "மறுவாழ்வு முகாம்"னு மாத்தினாங்க, 2025ல 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணவங்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லாததுக்கான தண்டனையில இருந்து விலக்கு குடுத்தாங்க, குடியுரிமை மட்டும் குடுக்கல.

ஒரே ஒரு வழி சில பேருக்கு இருக்கு. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பொறந்திருந்தா பிறப்பாலயே குடிமகன். 1986ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு பெண் இதை வச்சு கேஸ் போட்டு பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அப்ப 87 ஆகஸ்ட்ல பொறந்தவன்? அவன் இன்னும் முகாம்ல வருகைப் பதிவுக்கு நிக்கணும்.

இந்தியத் தமிழரா மலையகத் தமிழரா, எப்படிக் கூப்பிடணும்?

அவங்கவங்க சொல்ற மாதிரி. இலங்கை சென்சஸ்ல 1911ல இருந்து "இந்தியத் தமிழர்"னு தனியா எண்ணுறாங்க. இருநூறு வருஷம் ஆனப்புறமும் எதுக்கு இந்தியான்னு கேட்டு இளசுங்க "மலையகத் தமிழர்"னு சொல்றாங்க. 2012ல 8 லட்சத்து 39 ஆயிரம் சொச்சம் பேர், நூத்துக்கு நாலு. 2024ல நூத்துக்கு 2.8ன்னு இறங்கிடுச்சு, ஜனம் குறைஞ்சுதா இல்ல "இலங்கைத் தமிழர்"னு பதிஞ்சுகிட்டாங்களான்னு அங்க பெரிய விவாதம். இங்க எனக்கு என்ன பேர்? சென்சஸ்காரங்க கேக்கல, நானும் சொல்லல.

கிரிக்கெட்ல யாருக்கு சப்போர்ட்?

இந்தியா. முரளிதரன் பந்து போடறப்போ மட்டும் தாத்தா அமைதியாயிடுவார். கண்டிக்காரர், எங்க ஆளு. அவுட் ஆனது சச்சினா இருந்தாலும் தாத்தா மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும், உடனே துண்டால மறைச்சுப்பார்.

திரும்பிப் போய்ப் பாத்தீங்களா?

2018ல அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். கொழும்புல இருந்து ரயில்ல ஹட்டன், அங்க இருந்து பஸ். பெரியம்மா வயசானதுல அம்மா மாதிரியே இருந்தாங்க. தோட்டத்துக்குப் போனோம், லயம் அப்படியே இருக்கு, தகரம் மட்டும் மாத்தியிருக்காங்க. எங்க காம்பராவுல இப்போ இருக்கற அக்கா எங்க ஆளுங்கதான், இஸ்தோப்புல, அதாவது திண்ணையில, பாய் போட்டு உக்கார வச்சு தேத்தண்ணி குடுத்தாங்க. குடுத்துட்டு "இந்தியாவுல எந்த ஊருங்க நீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அஞ்சாம் நம்பர் லயம், மூணாவது காம்பரான்னாங்க. அந்த அக்காவுக்குப் புரியல, நான்தான் கூடலூர்னு சொன்னேன்.

எங்க தாத்தாவும் சிலோன்ல இருந்து வந்தவர்தான், என்ன பேப்பர் தேடணும்?

பழைய இந்தியப் பாஸ்போர்ட், மண்டபத்துல குடுத்த குடும்ப அட்டை, தோட்டத்துல பேர் வெட்டினப்போ குடுத்த துண்டு, ஈபிஎஃப் ரசீது, எது இருந்தாலும் பத்திரமா வைங்க. சாதிச் சான்றிதழ், பட்டா, புள்ளைங்க ஸ்காலர்ஷிப்னு எதுக்குப் போனாலும் தாலுகா ஆபீஸ்ல முதல்ல அந்தக் குடும்ப அட்டையைத்தான் கேக்கறாங்க. பேர் எழுத்துப்பிழையா இருக்கும், பெருமாள் "பெறமால்" ஆகியிருப்பார், வயசு குத்துமதிப்பா இருக்கும், பரவாயில்ல, திருத்தறேன்னு அதுமேல பேனா வைக்காதீங்க. ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை லேமினேட் பண்ணாம பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. எங்க வீட்ல அது அரிசி டிரம்முக்கு அடியில இருந்துச்சு, பாட்டி செத்து பதினாறாம் நாள் வீடு கழுவறப்போதான் கிடைச்சுது.